உறுதிமொழி சொல்லாத வரிசை

ஜூலை மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து அஞ்சு டீச்சர் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சமூக அறிவியல் பாடத்துக்கு என் இடத்தில் வந்தவள். பள்ளிப் பாராளுமன்றத் தேர்தல் நடக்கிறது, பார்க்க வாருங்கள் என்றாள். பாறசாலையில் பாசஞ்சர் ரயில் ஏறி, தம்பானூரில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து போய்ச் சேர்ந்தபோது தேர்தல் ஏறக்குறைய முடிந்திருந்தது. லேப்டாப்பில் வேட்பாளர்களின் படங்கள் தெரிந்தன. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரு பொத்தானை அமுக்கினார்கள். பீப் என்று ஒரு சத்தம். மதியச் சோற்றுக்கு முன்பே முடிவு திரையில் வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"எளுப்பமா, சட்டுன்னு முடிஞ்சு போச்சு, இல்லையா டீச்சரே?" என்றாள் அஞ்சு. பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள்: "உங்க காலத்துல பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து ஒரு லீடரை மாத்தணும்னு கேட்டும், நீங்களும் ஹெச்.எம்மும் விடவே இல்லைன்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்றாங்களே. மெஜாரிட்டி கேட்டா கொடுக்க வேண்டாமா?"

"அப்படி இல்ல அஞ்சு" என்று ஆரம்பித்தேன். மணி அடித்துவிட்டது. அவள் வகுப்புக்குப் போய்விட்டாள். அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்தது பெரிய லட்சியம் எதுவும் வைத்து அல்ல. பட்டப் படிப்பில் வரலாறு கிடைத்தது, அதற்கு மேல் பி.எட். படித்தேன். மலையாளம் பேசும் ஊரில் இருந்த தமிழ் வழிப் பள்ளியில் ஓர் இடம் காலியாக இருந்தது. பயிற்சிக் காலத்தில் மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்வார்கள். எல்லாரும் பேரரசுகளையும் போர்களையும் எடுத்துக்கொள்ள, கடைசியில் மிஞ்சும் குடிமையியல் என் தலையில் விழும். புத்தகத்திலும் அது கடைசிப் பக்கங்களில்தான் இருக்கும். மார்ச் மாதத்தில் அவசரமாக நடத்தி முடிக்கிற பாடம். வேலைக்கு வந்த பிறகும் பல வருஷம் அப்படித்தான் நடத்தினேன். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என்று பிள்ளைகள் மணி மணியாக எழுதி முழு மார்க் வாங்குவார்கள். சாயங்காலம் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் அதே பிள்ளைகள் கிழவிகளைத் தள்ளிக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்ப்பேன். எழுதியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் அவ்வளவாகத் தோன்றவில்லை.

அதைத் தோன்ற வைத்தவர் சுமங்கலா டீச்சர். நெடுமங்காடு பக்கத்து மலையாளப் பள்ளி ஒன்றிலிருந்து எங்களுக்குத் தலைமை ஆசிரியையாக வந்தார். வரும்போது தமிழ் ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. எங்கள் எட்டாம் வகுப்புக் குடிமையியல் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் கற்றுக்கொண்டார். அதனால் அவர் தமிழ் விசித்திரமாக இருக்கும். பாதி வாக்கியம் மலையாளமாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் "இறையாண்மை" என்றோ "கூட்டாட்சி" என்றோ ஒரு சொல் கம்பீரமாக வந்து நிற்கும். கான்டீனில் சாம்பார் சரியில்லை என்றாலும் "பொதுநலன்" என்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார். கோபம் வந்தால் மட்டும் குரல் தாழ்ந்துவிடும். அது தாழத் தாழ எங்களுக்குப் பயம் கூடும்.

பள்ளித் தலைவரை அதுவரை ஆசிரியர்கள்தான் நியமித்தோம். நன்றாகப் படிக்கிற, சொன்ன பேச்சு கேட்கிற ஒரு பிள்ளை. சுமங்கலா டீச்சர் வந்த வருஷமே தேர்தல் என்றார். பொறுப்பு என்னிடம் வந்தது. வேட்புமனு, வாபஸ் பெற ஒருநாள், பிரசாரம் சாப்பாட்டு இடைவேளையில் மட்டும், மிட்டாய் கொடுத்தால் மனு தள்ளுபடி. ஓட்டுப் போடும் மறைப்புக்கு ஆரியசாலைக் கடைகளிலிருந்து பெரிய அட்டைப் பெட்டிகள் வாங்கி வந்து வெட்டி நிறுத்தினோம். சுமங்கலா டீச்சர் சேலையை இடுக்கிக்கொண்டு அந்தச் சின்ன ஸ்டூலில் தானே உட்கார்ந்து, ஒரு சீட்டில் முத்திரை குத்தினார். என்னை அறையின் நான்கு மூலைக்கும் போய் நின்று எட்டிப் பார்க்கச் சொன்னார். ஜன்னல் பக்க மூலையிலிருந்து அவர் கை அசைவது எனக்குத் தெரிந்தது. "அப்போ இது ரகசியம் இல்லா" என்று சொல்லி மேஜையைத் திருப்பிப் போட வைத்தார்.

பிள்ளைகளை ஒழுங்குபடுத்த என்று சொல்லி பி.டி. சார் வாசலில் விசிலோடு நின்றிருந்தார். டீச்சர் அவர் அருகில் போய் மெதுவாகச் சொன்னார்: "சாரே, நீங்க இங்க நின்னா அவங்க ஒழுங்கா நிப்பாங்க. ஆனா உங்க முகத்தைப் பாத்து ஓட்டு போடுவாங்க. வரிசை கொஞ்சம் வளைஞ்சாலும் குழப்பம் இல்லா." பி.டி. சார் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வரிசை நன்றாகவே வளைந்தது. யாரும் விழவில்லை.

பாராளுமன்றக் கூட்டத்திலும் அவருக்கென்று ஒரு பழக்கம். வகுப்புப் பிரதிநிதிகள் முன்னால் உட்கார, அவர் கடைசி பெஞ்சில் உட்காருவார். பேச வேண்டுமென்றால் கையைத் தூக்குவார். சபாநாயகராக இருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அனுமதித்தால்தான் எழுவார். முதல் தடவை ஒரு பையன் பயத்தில் அவரைக் கவனிக்காதது போலவே இருந்துவிட்டான். கூட்டம் முடியும்வரை கையைத் தூக்கியபடியே இருந்துவிட்டு, பேசாமலே எழுந்து போனார்.

இப்படி நாங்கள் ஏதோ ஒரு பழக்கத்துக்கு வந்திருந்த சமயத்தில்தான் சுஜிதா பள்ளித் தலைவியானாள். பத்தாம் வகுப்பு. சாலை மார்க்கெட்டில் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள். குரல் நன்றாக இருக்கும். காலை அசெம்பிளியில் மைக்கின் முன்னால் நின்று அவள் உறுதிமொழி சொல்ல, பள்ளிக்கூடமே ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொல்லும். தலைவியின் வேலையில் எல்லார் கண்ணிலும் படுவது அது ஒன்றுதான்.

ஓணம் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரத்தில் அந்த விபத்து நடந்தது. ஆறாம் வகுப்புக் கார்த்திக் டியூஷன் முடிந்து ஆரியசாலைச் சந்தில் வந்துகொண்டிருந்தான். பின்னோக்கி வந்த ஒரு பெட்டி ஆட்டோ அவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கிவிட்டது. வலது கால் முறிந்து, இடுப்பெலும்பிலும் அடி. ஓட்டியவர் குடித்திருந்தார். அவர் சுஜிதாவின் அப்பா. கார்த்திக்கின் அக்கா பார்வதி, சுஜிதாவின் வகுப்பிலேயே படித்தவள்.

அடுத்த திங்கட்கிழமை சுஜிதா பள்ளிக்கு வரமாட்டாள் என்று நினைத்தோம். வந்தாள். வழக்கம்போல மேடையேறி முதல் வரியைச் சொன்னாள். பத்தாம் வகுப்பு வரிசை வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வரிக்கு ஒன்பதாம் வகுப்பும் நின்றுவிட்டது. அப்புறம் ஒவ்வொரு வரிசையாக அமைதி பரவிக்கொண்டே வந்தது. கடைசியில் விஷயம் தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரின் குரல் மட்டும் கேட்டது. சுஜிதா நிறுத்தவில்லை. ஒவ்வொரு வரிக்குப் பிறகும் திருப்பிச் சொல்லக் கொடுக்கும் இடைவெளியை அப்படியே கொடுத்து, முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

அந்த இடைவெளிகளை என்னால் மறக்க முடியவில்லை.

முதல் பீரியட் முடிந்ததும் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றார்கள். முன்னால் பார்வதி. அழுது வீங்கிய முகம். ஆனால் பேச்சு தெளிவாக வந்தது.

"டீச்சரே, எங்க தம்பி ஆஸ்பத்திரியில கிடக்கான். அவ அப்பாதான் செஞ்சது. அவ சொல்லி நான் உறுதிமொழி சொல்லணுமா? அவளை மாத்தணும். நாங்கதானே ஓட்டு போட்டோம். போட்டவங்களுக்கு வேண்டாம்னு சொல்லவும் உரிமை உண்டுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீங்க?"

எடுத்தது நான்தான். அந்தப் பாடத்துக்கு அவள் நல்ல மார்க் வாங்கியவள்.

மதியம் ஆசிரியர் கூட்டம் நடந்தது. சுஜிதாவைத் தனியாகக் கூப்பிட்டு ராஜினாமா செய்யச் சொல்லிவிடலாம் என்பதுதான் பெரும்பாலானவர்களின் கருத்து. அவளுக்கும் அது நல்லது, தினமும் மேடையில் நின்று அவமானப்பட வேண்டாம் என்றார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சுமங்கலா டீச்சர் எல்லாருடைய பேச்சையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் தாழ்ந்திருந்தது.

"அவகிட்ட போய் ராஜி வைன்னு சொல்றது தயவா, டீச்சரே? நம்ம தலைவேதனை தீரும். அத்ரேயுள்ளு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை பாராளுமன்றம் கூடட்டும். பார்வதி பேசட்டும், சுஜிதாவும் பேசட்டும். அதுவரைக்கும் அவதான் தலைவி."

"அப்போ அசெம்பிளி, டீச்சரே? பிள்ளைங்க யாரும் சொல்ல மாட்டேங்கறாங்களே" என்றார் ஒருவர்.

"சொல்லாதவங்களைச் சொல்ல வைக்க வேண்டாம். சொல்றவளை நிறுத்தவும் வேண்டாம்."

அன்று சாயங்காலம் சுஜிதாவை லைப்ரரியில் பிடித்து உட்கார வைத்தேன். "உன்னால முடியுமா மக்களே? வேண்டாம்னா இப்பவே சொல்லு. யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடியல டீச்சரே. மேடை ஏறும்போதெல்லாம் திரும்பி ஓடிரலாம்னு இருக்கு. ஆனா நான் நிறுத்தினா, அப்பா செஞ்சதை நானும் செஞ்ச மாதிரி ஆயிரும்லா."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கார்த்திக் காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர், எம் மக வீட்டுக்கு வந்து சாப்பிடறதே இல்ல. அந்தக் குடிகாரன் மக மைக்ல பேசறதைத் தினமும் கேட்டுட்டு வரா. உங்க சட்டத்துல என் பிள்ளைகளுக்கு இடம் இல்லையா?" அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டீ வாங்கி வந்து கொடுத்தேன். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கும்போது நடுவில் நிற்பவருக்குக் கால் தரையில் பாவாது என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

வெள்ளிக்கிழமை பெரிய ஹாலில் பாராளுமன்றம் கூடியது. ஜன்னல்களுக்கு வெளியே பள்ளியில் பாதி நின்றுகொண்டிருந்தது. சபாநாயகர் ஜோஸ் என்ற ஒன்பதாம் வகுப்புப் பையன். அவன் மணியை ஒருமுறைக்கு இரண்டு முறை அடித்துக் கூட்டத்தைத் தொடங்கினான். என் வேலை, கேட்டால் மட்டும் விதியைச் சொல்வது.

பார்வதி எழுந்து தன் கோரிக்கையைச் சொன்னாள். உடனே எட்டாம் வகுப்புப் பிரதிநிதி என்னைக் கேட்டாள்: "அப்பா செஞ்ச குற்றத்துக்கு மகளுக்குத் தண்டனை கொடுக்கலாமா டீச்சர்?"

"கூடாது" என்றேன்.

பார்வதி விடவில்லை. "தண்டனைன்னு யாரு சொன்னா? தலைவி ஸ்தானம் அவ வீட்டுச் சொத்தா? நாங்க கொடுத்தது. திரும்பக் கேக்கறோம். ஜெயில்ல போடுன்னா சொல்றோம்?"

ஹாலில் கைதட்டல். உண்மையைச் சொன்னால், நான் எடுத்த அத்தனை வருஷ வகுப்புகளிலும் அதைவிடக் கூர்மையான ஒரு வாதத்தைக் கேட்டதில்லை. ஜோஸ் என்னைப் பார்த்தான். "தலைவியை நடுவில் நீக்க நம்ம விதியில வழி எதுவும் எழுதல. வேணும்னா நீங்க இப்ப எழுதலாம். ஆனா என்ன காரணத்துக்கு நீக்கலாம்னு சேர்த்து எழுதணும். அது இனி வர்ற எல்லாருக்கும் பொருந்தும்" என்றேன்.

எழுத ஆரம்பித்தார்கள். "பாதிக்கு மேல பேருக்குப் பிடிக்கலைன்னா நீக்கலாம்" என்றான் ஒருவன். "அப்போ வாராவாரம் தேர்தல்தான். கணக்குப் பாடம் யாரு படிக்கறது?" என்று ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்து அடங்கியது. பார்வதி சொன்னாள்: "குடும்பத்துல யாராவது பெரிய குற்றம் செஞ்சிருந்தா பொறுப்பில இருக்கக் கூடாது. அப்படி எழுதுங்க."

ஜோஸ் அதைக் கரும்பலகையில் எழுதினான். எல்லாரும் அதை வாசித்தார்கள். பிறகு ஒன்பதாம் வகுப்பின் இன்னொரு பிரதிநிதி, வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், கையைத் தூக்கினான்.

"எங்க மாமா ஜெயில்ல இருக்காரு. அவரு எங்க வீட்லதான் இருந்தாரு. அப்போ நான் இறங்கணுமா?"

அவன் அப்படிக் கேட்பான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அவன் பக்கத்தில் இருந்த பெண் கையைத் தூக்காமலே, "எங்கப்பாவும் குடிச்சிட்டுத்தான் வண்டி ஓட்டுவாரு. இதுவரை யாரு மேலயும் இடிக்கல. அவ்வளவுதான்" என்றாள். அதன் பிறகு இன்னும் சில கைகள் எழுந்தன. சிலர் தூக்கிவிட்டு அப்படியே இறக்கிக்கொண்டார்கள். பார்வதி கரும்பலகையையே பார்த்தபடி நின்றாள். பிறகு மெதுவாக உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜோஸ் சுஜிதாவைப் பேசச் சொன்னான். அவள் எழுந்து, பார்வதி இருந்த பக்கம் திரும்பினாள். "எங்கப்பா செஞ்சது தப்பு. போலீஸ் கேட்டா பிரேக் போச்சுன்னு சொல்லுன்னு வீட்ல என்கிட்ட சொல்றாங்க. அவரு அன்னைக்கு..."

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. ஜோஸ் உடனே கவனித்து அனுமதித்தான். சுமங்கலா டீச்சர் எழுந்தார்.

"சபாநாயகர் அவர்களே, போலீஸ் காரியம் இந்தச் சபையில பேச வேண்டாம். மோளே, அது நீ இங்க சொல்ல வேண்டியதில்லா. யாரும் உன்கிட்ட இங்க கேக்கவும் கூடாது. கேக்க வேண்டிய இடத்துல கேக்கும்போது, பேடி இல்லாம, பயப்படாம உள்ளதைச் சொன்னா மதி, போதும்."

சுஜிதா தலையசைத்தாள். "அப்போ எனக்கு வேற ஒண்ணும் சொல்ல இல்ல. கார்த்திக்குக்காக நான் தினமும் ஜெபிக்கேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

ஓட்டெடுப்பு ரகசியமாகவே நடந்தது. குடும்பத்தார் குற்றம் பற்றிய விதி தோற்றது. பொறுப்பில் இருப்பவர் தானே செய்த தவறுக்கு, அவர் பேச்சைக் கேட்ட பிறகு நீக்கலாம் என்ற விதி நிறைவேறியது. அஞ்சு, நாங்கள் யாரும் எதையும் தடுக்கவில்லை. பிள்ளைகள் கேட்டார்கள், பேசினார்கள், தாங்களே முடிவு செய்தார்கள். நாங்கள் செய்ததெல்லாம் அந்த முடிவு ஒரு திங்கட்கிழமைக் கோபத்தில் வந்துவிடாமல் வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க வைத்ததுதான். குடிமையியல் என்ற பாடத்துக்கு ஒரு நாட்டில் என்ன வேலை என்று என்னைக் கேட்டால், இவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை உறுதிமொழிக்கு எல்லா வரிசையிலும் குரல் எழுந்தது. பார்வதி மட்டும் சொல்லவில்லை. அந்த வருஷம் முடியும்வரை அவள் சொல்லவே இல்லை. ஒருமுறை வகுப்பாசிரியை அவளைக் கண்டித்தபோது சுமங்கலா டீச்சர், "அது அவளோட அவகாசம், விடுங்க" என்றார். அவகாசம் என்று மலையாளத்தில் உரிமையைச் சொல்வார்கள். தமிழில் அதற்குக் காலம் என்று பொருள். இரண்டுமே அவளுக்குத் தேவையாகத்தான் இருந்தன.

சுஜிதாவின் வீட்டார் பிரேக் கதையைச் சொல்லவில்லை. விசாரணைக்கு வந்தபோது அவள் அம்மா உள்ளதை உள்ளபடி சொன்னாள் என்று பின்னால் தெரிந்தது. வழக்கு முடிந்தபோது அப்பாவுக்குத் தண்டனை கிடைத்தது, லைசென்ஸும் போனது. அம்மா ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கார்த்திக் அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கு வரலாம், ஆனால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க நாளாகும் என்று டாக்டர் சொன்னார்.

டிசம்பர் கூட்டத்தில் சுஜிதா தலைவி என்ற முறையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். ஆறாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, கார்த்திக்கால் படி ஏற முடியாது, அதனால் கீழே இருக்கும் பத்தாம் வகுப்பு மாடிக்குப் போய் அந்த அறையை ஆறாம் வகுப்புக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். பத்தாம் வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. பரீட்சை வருஷம், மேலே மத்தியானம் வெயில் அடிக்கும், மின்விசிறி ஒன்றுதான் ஓடும். பார்வதி நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை பெஞ்சுகளை மாற்றினோம். ஆண்பிள்ளைகள் பெரிய பெஞ்சுகளை மேலே கொண்டுபோனார்கள். சின்ன பெஞ்சுகளைக் கீழே இறக்குவது பெண்பிள்ளைகளின் வேலை. ஆனாலும் அவை பழைய தேக்கு, நல்ல கனம். நான் படிக்கட்டின் அடியில் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தேன். மாடியில் சுஜிதா ஒரு பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனைக்கு ஆள் தேடி நின்றாள். கூட வந்த பெண் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். பார்வதி வகுப்பறையிலிருந்து வெளியே வந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுடிதார்த் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையைத் தூக்கினாள்.

சுஜிதா பின்னோக்கி இறங்கினாள், பார்வதி மேலிருந்து தாங்கினாள். திருப்பத்தில் பெஞ்சு சுவரில் இடித்தது. நிறுத்தி, சாய்த்து, மறுபடி இறங்கினார்கள். கடைசியில் தரை வந்துவிட்டது என்று நினைத்து சுஜிதா காலைத் தளர்த்தி எடுத்து வைக்கப் போனாள்.

"பாத்து" என்றாள் பார்வதி. "பின்னால இன்னும் ஒரு படி இருக்கு."